துடிப்புக்கு அடியில்

சுபாஷினி தெருவில் இறங்கினால், மாவடிப்பட்டு ஜனங்கள் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தோளில் தொங்கும் ரேடியோவைப் பார்ப்பார்கள். பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை அது. எந்த வீட்டிலாவது கம்ப்யூட்டரோ சார்ஜரோ கரண்ட்டை ஒழுங்காகக் குடிக்காமல் சிந்திக்கொண்டிருந்தால், வாசலில் நின்றே ‘கர்ர்’ என்று கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஊரில் அவளுக்குக் ‘கர்ர் மேடம்’ என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். அரசாங்கம் கொடுத்த ‘மின் இரைச்சல் ஆய்வாளர்’ என்ற பட்டத்தைவிட இது வாயில் சுலபமாக நுழைகிறது என்று விட்டுவிட்டாள்.

கல்வராயன் மலையில், நாலு பக்கமும் குன்று சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது ஊர். அந்த வாகுக்காகத்தான் வானத்தைக் கேட்கிற பெரிய ஆண்டெனாத் தட்டை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். நூற்றுப் பன்னிரண்டு வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு ரேஷன் கடை, ஒரு தட்டு. தட்டு கேட்க வேண்டிய ஒலியோ அற்பத்திலும் அற்பம். ஒரு மலிவு சார்ஜர் போடுகிற கூச்சலில் அடையாளம் தெரியாமல் போய்விடும். ஆகவே நாலு வருடமாக ஊருக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் லேசான பவர் சப்ளையைப் பிடுங்கிவிட்டு, இரும்பும் செம்புச் சுருளுமாகச் செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மரைக் கொடுத்தார்கள். அது சூடேறும், பூனைகள் அதன்மேல் படுத்துக்கொள்ளும். வயர்களுக்கெல்லாம் கறுப்பு வளையம் மாட்டினார்கள். சுவருக்குள் ஓடும் வயர்களை உருவி, சடை பின்னுவதுபோல் ஒன்றோடொன்று முறுக்கி மறுபடி செருகினாள் சுபாஷினி. முறுக்கிய வயர்கள் ஒன்றின் கூச்சலை ஒன்று தின்றுவிடும் என்பது அவள் கொடுத்த விளக்கம். வீட்டுக்கு வீடு கரியும் உப்பும் போட்டு எர்த் குழி வெட்டினார்கள். காலையில் கோலம் போட்ட கையோடு அந்தக் குழிக்கும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழி காய்ந்தால் கூச்சல் மண்ணுக்குள் இறங்காது. கோலத்தை மறந்தவர்கள் உண்டு, கர்ர் மேடத்துக்குப் பயந்து குழியை மறந்தவர்கள் கிடையாது.

இத்தனையும் ‘நெய்தல்’ என்ற கலத்துக்காக. சனிக் கோளைத் தாண்டிப் போன அந்தக் கலத்தில் ஆறு பேர் இருந்தார்கள். நடுவழியில் பெரிய ஆண்டெனா முறிந்துவிட்டது. மிச்சமிருந்தது, ஓரிரு விநாடிக்கு ஒருதரம் ‘டிக்… டிக்…’ என்று துடிப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஒரு சின்னக் கருவி. அதையும் தினம் ஒருமுறை யாராவது கையால் அழுத்தி உசுப்ப வேண்டும். துடிப்பு வந்தால், அங்கே ஒரு கை இருக்கிறது என்று அர்த்தம். உசுப்புவது தகவல் தொடர்பு இன்ஜினியரின் வேலை. அந்த இன்ஜினியர் நவநீதன், சுபாஷினியின் கணவன்.

மூன்று வருடத்துக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. போன தை மாதத்தோடு கட்டுப்பாட்டை எடுத்துவிடலாம் என்று மேலிடத்தில் முடிவாகி, சுபாஷினியே வீடு வீடாகப் போய் அந்த நல்ல செய்தியைச் சொன்னாள். சொல்லிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த வாரம்தான், கடைசியாக ஒருதரம் பார்த்துவிடலாம் என்று, பத்து மடங்கு கூர்மையான புது ரிசீவரைத் தட்டில் பொருத்தினார்கள். முதல் நாளே கேட்டது. டிக். ஒன்றரை விநாடி. டிக். ஊருக்குக் கொடுத்த வாக்கு திரும்ப வாங்கிக்கொள்ளப்பட்டது. சுபாஷினி மட்டும் வீட்டுக்கு வீடு சர்க்கரை கொடுத்தாள். அந்தச் சர்க்கரையை எத்தனை பேர் தின்றார்கள் என்று அவள் விசாரிக்கவில்லை.

அதெல்லாம் நடந்து எட்டு மாதம் ஆகிறது. கலம் வானத்தில் இருக்கும் இடத்தைப் பொறுத்து, தட்டு கேட்கிற நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். எந்த நேரமானாலும் சரி, தட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கேட்பு அறைக்குக் கிளம்புமுன் நவநீதனின் பழைய கம்ப்யூட்டரில் அவன் அனுப்பிய கடைசிச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் அவள் போவாள். மொத்தம் முப்பத்திரண்டு விநாடி. சாப்பாட்டைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி என்னவோ சொல்லிவிட்டு, “சுபா, மாடித் தொட்டிக்கு மூடி போட்டியா? காக்கா விழுந்துடும். அப்புறம்… இரு, இன்னொண்ணு சொல்லணும்” என்பான். அதோடு அறுந்துவிடும். அந்த இன்னொன்று என்னவாக இருக்கும் என்று நாலு வருடமாக அவள் யோசிக்கிறாள். செய்தியைப் போனில் ஏற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் அவன் கையால் கோத்த இயந்திரத்தில், அவன் உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால்தான் அவளுக்குக் கேட்ட மாதிரி இருக்கும். கேட்டு முடித்தபின் கம்ப்யூட்டரை அணைக்க மனம் வராது. அதைத் தூங்கவிட்டுப் போவாள்.

நடுவில் ஒருமுறை தங்கையின் வளைகாப்புக்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று நாள் சேலம் போனாள். அந்த மூன்று நாளும் டிக் கேட்கவில்லை. அவள் திரும்பிவந்த அன்று கேட்டது. கேட்பு அறையின் பொறுப்பாளர் தயாபரன் அதைக் கருவிக் கோளாறு என்று எழுதி ஒதுக்கிவைத்தார். சுபாஷினி வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். நான் இல்லையென்றால் அவரும் வருவதில்லை என்று தையல்காரி பூங்காவனத்திடம் அவள் சொன்னபோது, முப்பத்தெட்டு வயதில் முகமெல்லாம் வெட்கம்.

பூங்காவனம் சிரித்துக்கொண்டாள். கட்டுப்பாட்டால் ஊரில் அவளைவிட அதிகம் இழந்தவர் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் வைத்து ஓடும் எம்பிராய்டரி மெஷின் ஒன்றை வாங்கி, நாலு பெண்களைச் சேர்த்து, ரவிக்கை வேலையில் பேர் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் கட்டுப்பாடு வந்தது. அந்த மெஷின் போட்ட கூச்சலை எந்த வளையத்தாலும் அடக்க முடியவில்லை. அதைச் சாக்கால் மூடிக் கட்டி மூலையில் வைத்தாள். நாலு பெண்களும் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களில் ஒருத்தி அவள் மகள்.

ஒரு வியாழக்கிழமை சுபாஷினி கேட்பு அறைக்குப் போனபோது, தயாபரன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். உட்காரச் சொன்னார்.

“நேத்து தட்டோட மோட்டார் மாட்டிக்கிச்சு மேடம். தெக்கப் பாத்து நின்னுடுச்சு. நெய்தல் இருக்கிற பக்கமே இல்ல.”

“சரி சார்.”

“அப்பவும் டிக் கேட்டுச்சு.”

மலையில் பட்டு எதிரொலித்திருக்கும் என்றாள். தயாபரன் தலையாட்டி மறுத்தார்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன். ராத்திரியே மோட்டாரைச் சரிபண்ணி நாலு பக்கமும் திருப்பிப் பாத்துட்டேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு. மேல இருந்து வந்தா அப்படிக் கேக்காது. இது இந்த ஊர்ல எங்கயோ இருக்கிற பவர் சப்ளை மேடம். உள்ள கெபாசிட்டர் காஞ்சுபோனா, தூங்குற நேரத்துல அது விட்டு விட்டு மூச்சு வாங்கும். எந்த வீடுன்னு பாருங்க. ரெண்டு நாள் கழிச்சு ரிப்போர்ட் எழுதறேன்.”

சுபாஷினிக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். எட்டு மாதமாக எவனோ ஒருவன் வீட்டு ஓட்டை டப்பா, நவநீதனின் இடத்தில் உட்கார்ந்து அவளிடம் பேசியிருக்கிறது. கண்டுபிடித்து அதை உடைத்துப்போடும் வெறியோடு தெருவில் இறங்கினாள். ஒரு வீடு விடவில்லை. அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பள்ளி ஆசிரியரின் அலமாரியைத் திறக்கச் சொன்னாள். நாலு வருடத்தில் இல்லாத அதிகாரமெல்லாம் அன்றைக்குக் குரலில் ஏறியது. எங்கே போனாலும் ரேடியோ வாயை மூடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பூங்காவனத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

“அக்கா, சாக்கை அவுருங்க.”

“எதுக்கு கண்ணு?”

“எனக்குத் தெரியாம மெஷின் ஓட்டறீங்களான்னு பாக்கணும்.”

பூங்காவனம் போய் முடிச்சை அவிழ்த்தாள். தூசி எழும்பியது. மெஷின்மேல் பல்லி முட்டையிட்டிருந்தது. ஊசியில் நாலு வருடத்துக்கு முன் கோத்த சிவப்பு நூல் அப்படியே இருந்தது. கீழே பாதி தைத்த மயிலோடு ஒரு ரவிக்கைத் துணி. சுபாஷினி ரேடியோவைக் கிட்டே கொண்டுபோனாள். சத்தமே இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்காமல் வெளியே வந்தாள்.

வழக்கமாக ரேஷன் கடை முனையில் அவள் ரேடியோவை அணைத்துவிடுவாள். நாள் முழுக்கக் கேட்ட காதுக்கு வீட்டிலாவது ஓய்வு வேண்டும் என்று ஏற்படுத்திக்கொண்ட பழக்கம். அன்றைய ஆத்திரத்தில் அணைக்க மறந்துபோனாள். அவள் வீட்டு கேட்டைத் திறந்தபோது தோளில் ரேடியோ பேசியது.

டிக். ஒன்றரை விநாடி. டிக்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் வீட்டுக்கே வந்துவிட்டான் என்று நினைத்தாள். அந்த நினைப்புக்காகப் பிற்பாடு தன்னையே வெகுநாள் திட்டிக்கொண்டாள். உள்ளே போகப் போகச் சத்தம் பெரிதாகியது. கூடத்தைத் தாண்டி, அறைக்குள், மேசைமேல் தூங்கிக்கொண்டிருந்த நவநீதனின் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போனதும் ரேடியோ சுத்தியலால் அடிப்பதுபோல் அடித்தது.

பிளக்கை உருவினாள். சத்தம் நின்றது. கையில் இருந்த பிளக்கில் இரண்டு பின்தான் இருந்தது. மேலே, எர்த்துக்கான தடித்த மூன்றாவது பின் இருக்க வேண்டிய இடத்தில் குறட்டால் வெட்டிய தழும்பு. கல்யாணமான புதிதில், சேலத்து வாடகை வீட்டில் இரண்டு ஓட்டை சாக்கெட்டுதான் இருந்தது. “அப்புறம் மாத்திக்கலாம்” என்று சொல்லி நவநீதன் அந்தப் பின்னை வெட்டியபோது அவளும் பக்கத்தில்தான் நின்றாள். வெளியே அவள் தவறாமல் தண்ணீர் ஊற்றிய குழிக்கும் இந்தக் கம்ப்யூட்டருக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததே இல்லை.

ஆய்வுப் பதிவேட்டைப் புரட்டினாள். நூற்றுப் பதினோரு வீட்டுக்கும் தேதி போட்டு, மூன்று மூன்று முறை சோதித்த கணக்கு இருந்தது. அவள் வீட்டுக்கு நேரே வெறும் கையெழுத்து. நான் ஆய்வாளர், என் வீட்டில் என்ன தப்பு இருக்கும் என்று போட்ட கையெழுத்து. அந்த அறையில் இருந்த எதையும் மாற்றவோ கழற்றவோ மனம் வராமல் போட்ட கையெழுத்தும் அதுவேதான். சேலம் போன மூன்று நாளும் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பூங்காவனத்திடம் வெட்கப்பட்டுச் சொன்னதும் கூடவே வந்தது.

பிளக்கை மறுபடி செருகினாள். கம்ப்யூட்டரை எழுப்பித் தூங்கவிட்டாள். டிக். அது வெறும் காய்ந்த கெபாசிட்டர் என்று தெரிந்த பின்னும் அவள் நெஞ்சு அதைக் கேட்டு லேசாகியது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வெட்டிய பின்னுக்கு ஒரு புது பிளக்கும் நாலு கறுப்பு வளையமும் போட்டால் ஓசைப்படாமல் எல்லாம் முடிந்துவிடும். எந்த வீடு என்று யாருக்கும் தெரிய வேண்டாம். கருவி டப்பாவைக் கையில் எடுத்தும்விட்டாள். பிறகு அந்தப் பாதி மயில் கண்ணுக்குள் வந்து நின்றது.

மறுநாள் காலை தயாபரனிடம் சொன்னாள். அன்றைக்கே ஊரைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிச் சொன்னாள். எட்டு மாதமாக உங்களைக் கட்டிப்போட்டது என் வீட்டுக் கம்ப்யூட்டர் என்று, வார்த்தையைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூங்காவனம் மட்டும், “எட்டு மாசமா?” என்று ஒருதரம் கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

கட்டுப்பாடு நீங்கியது. ஒரே வாரத்தில் மாவடிப்பட்டு மற்ற ஊர்களைப்போல் ஆகிவிட்டது. செங்கல் டிரான்ஸ்பார்மர்கள் குப்பைமேட்டுக்குப் போயின. பூனைகள் படுக்க இடம் தேடி அலைந்தன. திருப்பூரிலிருந்து நாலு பெண்களும் திரும்பினார்கள். சுபாஷினியின் ரேடியோவைத் திறந்தால், சந்தைக்கு நடுவில் நிற்கிற மாதிரி ஒரே இரைச்சல். அதை அவள் திறப்பதில்லை. நவநீதனின் செய்தியையும் கேட்பதில்லை. வேலை மாற்றல் உத்தரவுக்காகக் காத்திருந்தாள். அவன் போய்விட்டான் என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிப் பழகினாள். நாலைந்து முறைக்குமேல் முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தயாபரன் வீட்டுக்கே வந்தார். நாலு வருடத்தில் அவர் அந்த வாசற்படி ஏறியது அதுதான் முதல் தடவை. கையில் சுருட்டிய தாள்.

“உங்ககிட்ட சொல்றதா வேண்டாமான்னு மூணு நாளா யோசிச்சேன்,” என்றார். “நீங்க சேலம் போயிருந்தீங்களே, கோளாறுன்னு நான் ஒதுக்கி வெச்ச மூணு நாள். கணக்கை மூடறதுக்காக அதை எடுத்துக் கூட்டிப் பாத்தேன்.”

தாளை விரித்தார். புல் முளைத்த மாதிரி கோடுகள். அவற்றின் நடுவே சீரான இடைவெளியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், கொஞ்சம் உயர்ந்த கோடுகள்.

“ரெண்டு செகண்டுக்கு ஒண்ணு. குளிர்ல பேட்டரி எறங்கினா அந்தக் கருவி இந்த வேகத்துலதான் துடிக்கணும். உங்க வீட்டு டிக் இருந்த நாள்ல இது கேக்கவே கேக்காது. அதுக்கு அடியில கெடந்திருக்கு.”

சுபாஷினி தாளை வாங்கிக்கொண்டாள். அவனைக் கேட்பதாக நினைத்து நினைத்து அவனை மூடிவைத்திருந்தது அவள்தான். அப்படியானால் அவர் இருக்கிறாரா என்று கேட்டாள்.

“தெரியல. மூணு நாள் கணக்கு பத்தாது. தற்செயலாக்கூட கோடு இப்படி விழும். ஊர் முழுக்க அமைதியா, தினம் எட்டு மணி நேரம், நாப்பது நாள் கேட்டா உண்டு இல்லன்னு சொல்லிடலாம். ஆனா மேலிடம் இனி கட்டுப்பாடு போடாது மேடம். கேட்டுட்டேன். ஊரா பாத்து ஒத்துக்கிட்டாத்தான்.”

அவர் போன பிறகு அவள் தாளைச் சுருட்டினாள். எல்லாம் பொய் என்று தன் வாயால் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. அதே வாயால் இப்போது, இருக்கலாம் என்று சொல்ல வேண்டும். எந்த முகத்தோடு போவது? அந்த முகத்தோடுதான் போனாள்.

பூங்காவனத்தின் வீட்டுப் பெரிய அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் நின்ற மயிலுக்குத் தோகை வந்திருந்தது. மகளும் மற்ற மூன்று பெண்களும் தலைநிமிராமல் வேலை செய்தார்கள். அதைப் பார்த்ததும் சுபாஷினிக்குத் திரும்பிவிடலாம் என்றிருந்தது. பூங்காவனம் அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். சுபாஷினி தாளை விரித்து, தயாபரன் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். இல்லாமலும் போகலாம் என்பதை இரண்டு தடவை சொன்னாள். அன்றைக்குச் சாக்கை அவிழ்க்கச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டாள்.

பூங்காவனம் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அது ஏதோ தையல் மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். கோடுகளை விரலால் எண்ணினாள்.

“நாப்பது நாள் என்னால நிறுத்த முடியாது கண்ணு. இந்தப் பொண்ணுங்க மறுபடி கீழ எறங்கினா திரும்பி வரமாட்டாங்க.”

“தெரியும் அக்கா.”

“தினம் ஒரு மணி நேரம் தர்றேன். எந்த நேரம்னு மாசா மாசம் நீ சொல்லு. இவங்க அப்ப சோறு திங்கட்டும்.”

“விடியக்காலைல வரும் சில மாசம்.”

“அப்பத் தூங்கட்டும். மத்த வீட்டுக்கு நான் கூட வர்றேன். நீ தனியாப் போனா கதவு தெறக்க மாட்டாங்க.” பூங்காவனம் எழுந்து, மூலையில் மடித்துக்கிடந்த பழைய சாக்கை எடுத்துவந்து அவள் மடியில் போட்டாள். “ஆனா மொதல்ல உன் வீடு.”

நடந்து திரும்புகையில் சுபாஷினி மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். எட்டு மணி நேரம் கேட்க வேண்டிய நாளில் ஒரு மணி நேரம். நாற்பது நாள் வேலை முந்நூற்றிருபது நாளாக நீளும். நடுவில் எந்த வீட்டிலாவது மறந்தால் அதற்குமேலும் ஆகும். ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரமாக அவளிடம் காத்திருக்க எதுவுமே இல்லை. இப்போது ஒரு முழு வருடம் கிடைத்திருக்கிறது. அழுகை வந்தது; அதைத் துடைக்காமலே நடந்தாள்.

நூற்றுப் பதினோரு வீட்டில் எண்பத்தேழு வீடு ஒத்துக்கொண்டது. மற்ற வீடுகள் அந்த ஒரு மணி நேரம் சார்ஜரை மட்டும் பிடுங்கிவைப்பதாகச் சொல்லின; மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள் பூங்காவனம். அந்த மாதத்தின் நேரம் மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு. முதல் நாள், கிளம்பும் முன் செய்தியை ஒருமுறை கேட்டுவிடலாமா என்று கை போயிற்று. கேட்கவில்லை. நவநீதனின் கம்ப்யூட்டரை வயரோடு சாக்கில் போட்டு வாயைக் கட்டினாள். மெயின் சுவிட்சை அணைத்தாள். மாடியேறித் தொட்டிக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். இறங்கிவந்து எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, படியில் உட்கார்ந்து ரேடியோவைத் திறந்தாள்.

சந்தை இரைச்சல். ஒரு மணி ஆனதும் அது ஒரேயடியாக நின்றுவிடவில்லை. மேலத்தெரு முதலில் அடங்கியது. பள்ளிக்கூடம். ரேஷன் கடை. கடைசியாகப் பூங்காவனத்தின் மெஷின் ஒரு நீண்ட கரகரப்போடு ஓய்ந்தது. பிறகு மெல்லிய ‘உஸ்’ மட்டும் மிஞ்சியது. இந்த ரேடியோவுக்கு அவ்வளவுதான் எட்டும். அதற்குள் டிக் இருந்தாலும் அவள் காதுக்குக் கேட்காது. தட்டுக்குக் கேட்கலாம், ஒரு வருடம் கழித்துத் தயாபரன் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டலாம். அந்தத் தாளில் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அவள் அந்த வெறும் சத்தத்தை ஒரு மணி நேரமும் கேட்டாள். அந்தப் பக்கம் அவன் இருந்தால், நாலு வருடத்தில் முதல்தடவையாக அவள் தெரிந்தே குறுக்கே பேசாமல் இருக்கிறாள்.

இரண்டு மணிக்குப் பூங்காவனத்தின் மெஷின் மறுபடி அலறியது. சுபாஷினி ரேடியோவை அணைத்தாள். அந்த அலறலுக்கு முதல்முறையாக முகம் சுளிக்காமல், உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள்.